வரலாற்றாசிரியர் டு போய்ஸ்

1909ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியிலே அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் நியூயோர்க் நகரில் நடைபெற்றது. நாட்டின் பெரும் பல்கலைக் கழகங்களில் வரலாறு கற்பித்த பேராசிரியர்கள் கூடும் அவை அது. அவ்வவையின்முன் கட்டுரை வாசிக்க எழுந்தவர்களுள் ஒருவர் கறுப்பினத்தவர், வயது நாற்பத்தொன்று, அற்லாந்தாப் பல்கலைக் கழகத்திற் பொருளியலும் வரலாறும் கற்பித்து வந்தவர். வில்லியம் எட்வேட் பேர்காட் டு போய்ஸ் என்பது அவர்தம் முழுப் பெயர். அடிமை முறை ஒழிந்தபின் தென் மாநிலங்களில் நிகழ்ந்த புனர்நிருமாணத்தினால் விளைந்த நன்மைகள் எவை என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

அக்காலத்து அமெரிக்க அறிஞர் அவையிலே புனர்நிருமாணத்தை நன்மை என்ற சொல்லோடு சேர்த்துப் பேசுவதே பெருந்துணிவு. அது ஏன் என்பதை அறிய வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரின் முடிவில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். தோல்வியுற்ற தென் மாநிலங்களை மீண்டும் ஐக்கியத்துள் சேர்த்துக்கொள்ளும் முயற்சியே புனர்நிருமாணம் எனப்பட்டது. 1867ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி விடுதலை பெற்ற ஆடவருக்கு அம்மாநிலங்களில் வாக்குரிமை கிடைத்தது. புதிய அரசியலமைப்புகள் எழுந்தன. நேற்றுவரை சந்தையிலே விற்கப்பட்டவர்கள் சட்டசபைகளில் அமர்ந்தனர். மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் என்பார் 1870இல் நாட்டின் செனற் சபைக்கே சென்றார். ஆனால் முகமூடி அணிந்த கூட்டங்கள் இரவிலே வீடு புகுந்து அடித்தும் கொன்றும் வாக்காளரை அச்சுறுத்தின. வடபுலத்தாரின் உற்சாகமும் தணிந்தது. 1877இல் மத்திய அரசின் படைகள் ஆட்சி மன்றங்களைக் காத்து நின்ற காவலைக் கைவிட்டன. அத்துடன் அந்த அத்தியாயம் மூடப்பட்டது.

மூடப்பட்ட அத்தியாயத்தைப் பின்னர் எழுதியவர்கள் யார் என்பதே கேள்வி. கொலம்பியாப் பல்கலைக் கழகத்திலே பேராசிரியர் பேர்ஜெசும், அவருக்குப்பின் பேராசிரியர் வில்லியம் டனிங்கும் அப்பொருளைத் தமதாக்கிக்கொண்டனர். டனிங்கிடம் பயின்ற மாணவர் பலர் மாநிலத்துக்கு ஒரு நூலாக எழுதி வெளியிட்டனர். உழைப்பிற் குறைவில்லாத நூல்கள் அவை, அடிக்குறிப்புகள் நிறைந்தவை. ஆயினும் அவை அனைத்தும் ஒரு முடிவையே கூறின: கல்லாத கறுப்பினத்தவர் கையில் ஆட்சியைக் கொடுத்தது பெரும் பிழை, அக்காலம் ஊழலும் சீரழிவும் நிறைந்த இருண்ட காலம், வெள்ளையர் ஆட்சியை மீட்டதே தென்னாட்டின் மீட்சி. பள்ளிக்கூடப் பாடநூல்களும் இதனையே கூறின. வாக்குரிமையைப் பறித்த சட்டங்களுக்கு இவ்வரலாறே நியாயமாக எடுத்துக் காட்டப்பட்டது. பழங்கதை பற்றிய தகராறு என்று இதனை ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

டு போய்ஸ் பிறந்தது அந்தப் புனர்நிருமாணத்தின் நடுவிலேதான்: 1868ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி, வடக்கே மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள கிரேற் பரிங்டன் என்னும் சிற்றூரில். தந்தை குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தை விட்டகன்றார். தாயார் வீட்டுவேலை செய்து மகனை வளர்த்தார். உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அச்சிறுவனின் ஆற்றலைக் கண்டு, இலத்தீனும் கிரேக்கமும் கற்குமாறு அவனை ஊக்கினார். அப்பாடங்கள் இன்றிக் கல்லூரி வாயில் திறவாத காலம் அது. ஓர் ஆசிரியர் சரியான வேளையிற் கூறிய சொல் ஒரு வாழ்வையே திருப்பிவிட்டது. பள்ளிப்படிப்பு முடிந்த சிறிது காலத்தில் தாயார் காலமானார். ஊர்த் தேவாலயத்தார் திரட்டிய பணங்கொண்டு, 1885இல் தெனசி மாநிலத்து நாஷ்வில் நகரிலுள்ள பிஸ்க் கல்லூரிக்குச் சென்றார் டு போய்ஸ்.

தென்னாட்டை அவர் முதன்முதலிற் கண்டது அப்போதுதான். விடுமுறைக் காலங்களிற் கிராமப் புறங்களுக்கு நடந்து சென்று பள்ளிக்கூடம் நடத்தினார். சோளம் சேமித்து வைத்த ஒரு மரக்கொட்டில்தான் பள்ளி. விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள் எழுத்தறிவின்மேற் கொண்டிருந்த தாகத்தை அங்கே நேரிற் கண்டார். இருண்ட காலம் என்று நூல்கள் கூறிய காலத்திலேதான் அம்மக்களுக்கு முதற் பள்ளிகள் எழுந்தன என்ற உண்மை அவர் நெஞ்சிற் பதிந்தது. பின்னாளில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் வித்து அந்த மரக்கொட்டிலிலே கிடக்கிறது என்பது என் எண்ணம்.

பிஸ்க் கல்லூரியின் பட்டத்தை ஹாவார்ட் பல்கலைக் கழகம் முழுமையாக ஏற்கவில்லை. மீண்டும் இளங்கலை வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. 1890இல் இரண்டாவது முறையாக இளங்கலைப் பட்டமும் அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டமும் பெற்றார். வெள்ளை மாணவரின் தோழமையை அவர் எதிர்பார்க்கவுமில்லை, தேடவுமில்லை. கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வீட்டில் அறையொன்றை வாடகைக்குப் பெற்று, பாடங்களிலே மூழ்கினார். வில்லியம் ஜேம்சிடம் மெய்யியலும், அல்பேட் புஷ்னெல் ஹாட்டிடம் வரலாறும் கற்றார். ஆவணத்தைத் தேடிப் பிடிக்கவும், அதனை ஐயத்துடன் வினவவும் பழக்கியவர் ஹாட்.

அக்காலத்திலே சிறந்த வரலாற்றுப் பயிற்சி ஜேர்மனியிலேதான் கிடைக்கும் என்பது பொதுக் கருத்து. கறுப்பினத்தவர் கல்விக்கென நிறுவப்பட்ட சிலேற்றர் நிதியத்தின் தலைவர் ரதர்போட் ஹேய்ஸ். மேலைநாட்டில் உயர்கல்வி பயிலத்தக்க கறுப்பின மாணவர் எவரையும் தாம் காணவில்லை என்ற கருத்தில் அவர் பேசியதாகப் பத்திரிகையிற் செய்தி வந்தது. டு போய்ஸ் உடனே விண்ணப்பித்தார். மறுப்பு வந்தது. சளைக்காமல் மீண்டும் மீண்டும் காரசாரமாக எழுதினார். இறுதியில் 1892இல் உதவி கிடைத்தது. பாதி நன்கொடை, பாதி கடன். இந்த ஹேய்ஸ் யார்? 1877இல் ஜனாதிபதியாகப் பதவியேற்றுத் தென்னாட்டிலே படைகளின் காவலை விலக்கிப் புனர்நிருமாணத்தை முடித்து வைத்தவரே அவர். அவர் தலைமை தாங்கிய நிதியத்தின் பணத்திற் படித்தவரே பிற்காலத்தில் அந்த முடிவின் வரலாற்றை எழுதினார்.

பேர்லினிலே குஸ்தாவ் ஷ்மொல்லரின் கருத்தரங்கில் அமர்ந்தார். முதலில் விவரங்களைத் திரட்டு, தத்துவம் பின்னர் வரட்டும் என்பது அப்பேராசிரியரின் நெறி. மாணவர் அதனை வேதவாக்காகக் கொண்டார். பேர்லின் பட்டத்துக்கு மேலும் சில காலம் அங்கே தங்கியிருத்தல் வேண்டும் என்றது விதி. உதவியை நீடிக்க நிதியம் இணங்கவில்லை. எனவே நாடு திரும்பி, 1895இல் ஹாவார்டிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக் கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. அமெரிக்காவுக்கு அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்க எடுக்கப்பட்ட முயற்சிகள் பற்றிய அவரது ஆய்வு 1896இல், ஹாவார்ட் வரலாற்று ஆய்வு வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது. 1808இல் தடைச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும் கள்ள வியாபாரம் தொடர்ந்ததையும், சட்டம் இயற்றியோர் அதனைச் செயற்படுத்த மனங்கொள்ளாததையும், சட்டங்களையும் காங்கிரஸ் ஆவணங்களையும் அலசி அந்நூலிலே காட்டியிருந்தார்.

இத்தகைய தகுதி வாய்ந்த ஒருவரை வேறெந்தப் பல்கலைக் கழகமும் இருகரம் நீட்டி அழைத்திருக்கும். டு போய்சை அழைக்கவில்லை. ஒஹாயோவிலுள்ள வில்பர்போர்ஸ் என்னும் சிறு கல்லூரியிலே மொழிகள் கற்பித்தார். பின்னர் பிலடெல்பியாவிலே கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழாம் வட்டாரத்தை ஆராய்வதற்கெனப் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகம் தற்காலிகப் பதவியொன்றைக் கொடுத்தது. மாணவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு அதில் இல்லை. அந்த வட்டாரத்திலேயே மனைவியுடன் ஓர் அறையிற் குடியிருந்து, ஏறத்தாழ 2,500 குடும்பங்களின் வாயில்களைத் தட்டி, தாமே ஒவ்வொருவரையும் விசாரித்துக் குறித்துக்கொண்டார். 1899இல் வெளிவந்த அந்நூல் அமெரிக்கச் சமூகவியலின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது.

1897இல் அற்லாந்தாவுக்கு வந்து சேர்ந்தார். அறியாமையே இனத்துவேஷத்தின் வேர். உண்மையை ஆராய்ந்து முன்வைத்தாற் போதும், மனிதர் திருந்துவர் என்பது அதுவரை அவரது உறுதியான நம்பிக்கை. ஆண்டுதோறும் ஆய்வு மாநாடு கூட்டி, அறிக்கைகளை அடுக்கடுக்காக வெளியிட்டார். 1899ஆம் ஆண்டு அந்நம்பிக்கையை உலுக்கிற்று. ஏப்ரில் மாதம் ஜோர்ஜியாவின் நியூனன் என்னும் ஊருக்கருகே சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. நியாயம் கேட்டு நிதானமாக எழுதிய கடிதமொன்றை எடுத்துக்கொண்டு, அற்லாந்தாப் பத்திரிகை அலுவலகமொன்றை நோக்கி நடந்து சென்றுகொண்டிருந்தார் டு போய்ஸ். இறந்தவனின் விரல் எலும்புகள் அதே வீதியிலுள்ள மளிகைக் கடையிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்ற செய்தி வழியிலே அவர் காதுக்கு எட்டியது. அப்படியே திரும்பிவிட்டார். அடுத்த மாதம் இரண்டு வயதும் நிரம்பாத அவருடைய ஒரே மகன் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். மனிதர் எரிக்கப்படும் ஊரிலே புள்ளிவிவரம் திரட்டிக்கொண்டிருத்தல் தகுமா என்ற வினா அதன்பின் அவரை விட்டு அகலவில்லை.

ஆய்வு செய்வதற்கான கருவிகளும் எளிதிற் கிட்டவில்லை. 1902இல் அற்லாந்தா நகரிற் பொது நூலகம் திறக்கப்பட்டபோது கறுப்பின மக்கள் உள்ளே நுழைதல் ஆகாது என்று விதிக்கப்பட்டது. அவர்கள் வரிப்பணமும் அதிற் சேர்ந்திருந்தது. டு போய்ஸ் தூதுக்குழு ஒன்றுடன் சென்று முறையிட்டார், பயன் விளையவில்லை. ஹாவார்டின் கலாநிதிக்குத் தம் ஊர் நூலகத்தில் ஒரு நாற்காலி கிடையாது.

1909இல் அவர் வாசித்த கட்டுரைக்கு இத்தனையும் பின்னணி. புனர்நிருமாண அரசுகளிலே ஊழல் இருந்ததை அவர் மறைக்கவில்லை. அக்காலத்தில் வட மாநிலங்களிலும் அது மலிந்திருந்தது. ஆனால் அவ்வரசுகள் தென்னாட்டுக்கு மூன்று கொடைகளை வழங்கின என்றார்: குடியாட்சி முறை, யாவருக்கும் இலவசப் பள்ளி, புதிய சமூகச் சட்டங்கள். வெள்ளையர் ஆட்சியை மீட்டவர்கள்கூட அவ்வரசியலமைப்புகளின் பெரும்பகுதியைப் பல்லாண்டு மாற்றாது வைத்திருந்தனர் என்று விதி விதியாக எடுத்துக் காட்டினார்.

அடுத்த ஆண்டு ஜூலையிற் சங்கத்தின் ஆராய்ச்சிச் சஞ்சிகை அக்கட்டுரையை வெளியிட்டது. அப்போது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. ஆங்கிலத்தில் இனப்பெயர்களைப் பெரிய எழுத்தால் தொடங்குதல் மரபு. நீக்கிரோ என்ற பெயரை மட்டும் பொதுச்சொற்போலச் சிறிய எழுத்திலே அச்சிட்டு வந்தனர். தமது கட்டுரையிலாவது பெரிய எழுத்தை இடுமாறு டு போய்ஸ் வேண்டினார். சஞ்சிகையின் மரபுக்கு அது ஒவ்வாது என ஆசிரியர் ஜேம்சன் மறுத்தார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத மொழியில் எழுதும் நமக்கு இஃது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஓர் இனத்தைப் பெயருடைய இனமாக ஒப்புக்கொள்வதா, இல்லையா என்பதே அங்கு வழக்கு. கட்டுரை சிறிய எழுத்துடனேயே வெளிவந்தது. 1913இல் டனிங் அச்சங்கத்தின் தலைவரானார்.

1910இல் டு போய்ஸ் அற்லாந்தாவை விட்டு நியூயோர்க்குக்குச் சென்று, புதிதாகத் தோன்றிய கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் கிறைசிஸ் என்னும் மாத இதழுக்கு ஆசிரியரானார். இருபத்து நான்கு ஆண்டுகள் அப்பணி நீடித்தது. அக்காலத்து அரசியற் போராட்டங்களையும், உடன் உழைத்தோருடன் நேர்ந்த பிணக்குகளையும் விரிக்கின் பெருகும். அவர் இறுமாப்புடையவர் என்று நண்பர்களே குறைப்பட்டனர். அது முற்றிலும் பொய்யன்று.

இதற்கிடையே எதிர்த்தரப்பு வரலாறு நூலகங்களை விட்டு வெளியேறி ஊரெங்கும் பரவிற்று. 1915இல் வெளிவந்த ஒரு நாட்டின் பிறப்பு என்ற திரைப்படம் முகமூடிக் கொலைகாரரை வீரராக்கிக் காட்டியது. 1929இற் குளோட் பவர்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதிய புனர்நிருமாண நூல் அமோகமாக விற்பனையாயிற்று. அதே ஆண்டு வெளியான பிரித்தானிக்கா கலைக்களஞ்சியப் பதிப்புக்குக் கறுப்பின மக்கள் பற்றி டு போய்ஸ் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். புனர்நிருமாணம் பற்றிய பகுதியைப் பதிப்பாசிரியர் வெட்டினார். வெட்டிய கட்டுரை வேண்டாம் என்று அவர் மீளப் பெற்றுக்கொண்டார். பவர்சின் நூலுக்கு மறுமொழி கூறத்தக்கவர் நீங்களே என்று அவருக்குக் கடிதம் எழுதித் தூண்டினார் அன்னா ஜூலியா கூப்பர் அம்மையார். அடிமைத் தாயின் மகளாகப் பிறந்து, ஆசிரியத் தொழில் புரிந்து, அறுபது வயதைக் கடந்தபின் பாரிஸ் நகரிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவ்வம்மையார்.

ரோசன்வால்ட் நிதியத்தின் உதவியுடன் வேலை தொடங்கிற்று. தென் மாநில ஆவணக் காப்பகங்களிலே கறுப்பின ஆய்வாளர் சென்றமர்ந்து படித்தல் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1939இல் ஜோன் ஹோப் பிராங்ளின் என்ற இளைஞர் வட கரோலினாவின் ராலி நகர்க் காப்பகத்துக்குச் சென்றார். கறுப்பின ஆய்வாளர் ஒருவர் வருவார் என்று எண்ணியே அக்கட்டடம் அமைக்கப்படவில்லை என்றார் பணிப்பாளர். பின்னர் அவருக்கெனத் தனியறை ஒதுக்கப்பட்டது. வெள்ளைப் பணியாளர் அவருக்கு ஏவல் செய்ய நேராதிருத்தற்பொருட்டு ஆவண அறைகளின் திறப்பும் கொடுக்கப்பட்டது. எமக்கில்லாத சலுகை இவனுக்கா என்று மற்றைய ஆய்வாளர் முறையிடவே, சில வாரத்தில் திறப்பு மீளப் பெறப்பட்டது. டு போய்சுக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. காங்கிரஸ் விவாதங்கள், விசாரணைக் குழு அறிக்கைகள், மாநில அரசியலமைப்பு அவைகளின் நடவடிக்கைகள், பிறர் எழுதிய ஆய்வேடுகள் ஆகிய அச்சேறியவற்றையே பெரிதும் கொண்டு நூலை எழுதினார். டனிங்கின் மாணவர்கள் திரட்டிய சான்றுகளையே எடுத்து, அவர்கள் காணாத பொருளை அவற்றிற் கண்டார்.

அமெரிக்காவிற் கறுப்பினத்தவரின் புனர்நிருமாணம் என்ற அந்நூல் 1935இல் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டு வெளிவந்தது. கறுப்பினத்தவரும் ஏனையோரைப்போன்ற மனிதரே எனக் கருதி எழுதியுள்ளேன், அதனை ஏற்காதவருக்கு இந்நூல் பயன்படாது என்ற கருத்தை முகப்பிலேயே தெரிவித்துவிடுகிறார். அடிமைகள் பிறர் தந்த விடுதலையைக் கைநீட்டி வாங்கியவர்கள் அல்லர் என்பது நூலின் உயிர்நிலை. போர் நடந்தபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் பெருந்தோட்டங்களை விட்டு வெளியேறினர் எனக் கணித்து, அதனை ஒரு பொது வேலைநிறுத்தம் என்றே பெயரிட்டார். ஏறத்தாழ 180,000 கறுப்பினத்தவர் வடபுலப் படையிற் சேர்ந்து போரிட்டனர். தமக்குக் கிடைத்த வாக்குரிமையால் அம்மக்கள் முதலிற் கேட்டது பள்ளிக்கூடம். வறிய வெள்ளைத் தொழிலாளி தன்னைப்போன்ற வறிய கறுப்புத் தொழிலாளியோடு ஏன் கைகோக்கவில்லை என்ற வினாவுக்கு அவர் தரும் விடை இன்றும் ஆராயப்படுகிறது: குறைந்த கூலிக்கு ஈடாக, வெள்ளையன் என்ற மதிப்பே அவனுக்கு ஒருவகைக் கூலியாக வழங்கப்பட்டது. இறுதி அத்தியாயத்தில் வரலாற்றுத் துறையையே கூண்டிலேற்றி, பாடநூல்களையும் பேராசிரியர்களையும் பெயர் கூறிக் குற்றஞ்சாட்டுகிறார்.

குறையற்ற நூல் என்று கூறிவிட முடியாது. மாக்சியக் கலைச்சொற்களை அவர் சிலவிடத்து வலிந்து பொருத்துகிறார். தென் கரோலினாவிலே தொழிலாளர் ஆட்சியின் சாயலைக் காண அவர் முயன்றதை அவர்தம் நண்பர்களும் ஒப்பவில்லை. நிலம் வேண்டி நின்ற உழவனைத் தொழிற்சாலைத் தொழிலாளியாக எண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்? கையெழுத்து ஆவணங்கள் குறைவு என்ற குற்றமும் உண்மையே. அதற்குரிய காரணத்தை மேலே கண்டோம்.

பொதுப் பத்திரிகைகள் சில நூலைப் பாராட்டின. விற்பனை மந்தமாகவே இருந்தது. அவர் கட்டுரையை 1910இல் வெளியிட்ட அதே ஆராய்ச்சிச் சஞ்சிகை நூலுக்கு ஒரு மதிப்புரைதானும் எழுதவில்லை. கண்டித்து எழுதியிருந்தாலும் விவாதம் பிறந்திருக்கும்.

எஞ்சிய வாழ்வைச் சுருங்கக் கூறலாம். மீண்டும் அற்லாந்தாப் பல்கலைக் கழகத்திற் பத்தாண்டு கற்பித்து 1944இல் ஓய்வு பெற்றார். சமாதான இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக, அந்நிய நாட்டின் முகவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு 1951இல், எண்பத்து மூன்றாம் வயதில், நீதிமன்றில் நிறுத்தப்பட்டார், வழக்கு நிலைக்கவில்லை. ஆயினும் 1958 வரை கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. ஸ்ராலினைப் புகழ்ந்து அவர் எழுதியதைப் படிக்கும்போது, ஆவணத்தை ஐயுறக் கற்ற அந்தக் கண் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. 1961இல் என்குருமாவின் அழைப்பையேற்று, ஆபிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுக்கக் கானாவுக்குச் சென்றார். 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆந் திகதி அக்கிரா நகரிற் காலமானார், வயது தொண்ணூற்றைந்து. மறுநாள் வாஷிங்டனிலே உரிமைப் பேரணிக்குத் திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு மேடையிலிருந்து அச்செய்தி அறிவிக்கப்பட்டது.

டனிங் கூட்டத்தாரின் கோட்டை இடிந்ததும் அக்காலத்தை ஒட்டியே. 1965இற் கெனத் ஸ்ராம்ப் எழுதிய நூல் பழைய கதையை மறுத்தது. 1968இல், தாம் கொலையுண்பதற்குச் சில வாரங்கள் முன்னர், டு போய்சின் நூற்றாண்டு விழாவிற் பேசிய மாட்டின் லூதர் கிங், அவரது புனர்நிருமாண நூலையே சிறப்பித்துப் புகழ்ந்தார். ராலி நகரில் திறப்பை இழந்த பிராங்ளின், 1979இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக நின்று ஆற்றிய பேருரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், புனர்நிருமாண வரலாறு எழுதப்பட்ட வரலாறு. 1988இல் எரிக் போனர் வெளியிட்ட பெருநூல், கையெழுத்து ஆவணங்களின் துணைகொண்டு டு போய்சின் மையக் கருத்தை நிலைநாட்டிற்று.

அந்த ஆராய்ச்சிச் சஞ்சிகை 2022ஆம் ஆண்டு டிசம்பர் இதழிலே அவருடைய நூலுக்கு மதிப்புரை வெளியிட்டது. நூல் வெளிவந்து எண்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.